வளைவுப் படி கட்டுமுன் ஒருக்கா அளந்து பாருங்கோ

 

உம்மா விழுந்தது உங்களில் கனபேருக்குத் தெரியும். வந்து பார்த்தீர்கள், சோறு கறி கொண்டுவந்து தந்தீர்கள். பக்கத்து வீட்டு அக்கா மூன்று இரவு ஆஸ்பத்திரியில் உம்மாவோடு நின்றா. எல்லாருக்கும் நன்றி சொல்லித்தான் இதைத் தொடங்க வேணும். உம்மா இப்ப நடக்கிறா. ஊன்றுகோல் பிடித்து, மெதுவாக, கீழ்வீட்டுக்குள் மட்டும்.

வந்த எல்லாரும் உம்மாவிடம் ஏறக்குறைய ஒரே கதையைத்தான் சொன்னீர்கள். "பார்த்து இறங்கியிருக்கலாமே." உம்மாவும் எல்லாருக்கும் ஒரே பதிலைத்தான் சொன்னா. "ஓம், என்ர பிழைதான். கண்ணும் முந்தின மாதிரி இல்லை."

நானும் முதல் இரண்டு கிழமை அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகு ஒரு நாள் பின்னேரம், பள்ளிக்கூடத்தால் வந்த கையோடு, அடிமட்டத்தையும் அளவு நாடாவையும் எடுத்துக்கொண்டு எங்கள் வளைவுப் படியின் 18 படியையும் ஒவ்வொன்றாக அளந்தேன். அளந்து முடிய அந்தப் படியிலேயே கொஞ்ச நேரம் இருந்துவிட்டேன். உம்மாவில் ஒரு பிழையும் இல்லை. பிழை படியில். அதைக் கட்டச் சொன்ன எங்களில்.

அதைத்தான் இன்றைக்கு எழுதப் போகிறேன். நீளமாகத்தான் இருக்கும். மருதனார்மடம், இணுவில், உடுவில், சுன்னாகம் பக்கம் இப்ப எத்தனை மேல்மாடி வீடு எழும்புகிறது என்று கே.கே.எஸ் வீதியால் போகிற எல்லாருக்கும் தெரியும். அதில் பாதிக்கு மேலே போட்டிருக்கிற பிளாஸ்டிக் சீற்றுக்குக் கீழே, பலகை அடித்தபடி ஒரு வளைவுப் படி நிற்கிறது போல எனக்குத் தோன்றுகிறது. ஆகையால் கட்டி முடிக்க முதல் வாசியுங்கள்.

எங்கள் வீட்டுக் கதையைச் சொல்லாமல் இதைச் சொல்ல ஏலாது. 1990 ஒக்டோபரில் நாங்கள் யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட்ட போது நான் கைக்குழந்தை. புத்தளத்தில் ஓலைக் கொட்டில், பிறகு கல்வீடு, பிறகு வாடகை வீடு. திரும்பி வந்து, காணி வாங்கி, சொந்தமாகக் கட்டின முதல் வீடு இது. வாப்பா பார்க்கவில்லை. உம்மா பார்த்தா. "மேல்வீடு ஒன்று, வடிவான படியோட" என்பது உம்மாவின் ஆசை இல்லை, எங்கள் ஆசை. நானா லண்டனில் இருந்து ஒரு படம் அனுப்பினார். வெள்ளைச் சுவர், கறுப்புக் கம்பி, அரைவட்டமாய் ஒரு படி. படம் வந்த அன்றே நாங்கள் எல்லாரும் அதுதான் என்று முடிவெடுத்துவிட்டோம்.

பிளானில் இருந்தது நேர்ப்படி. அனுமதி எடுத்ததும் நேர்ப்படிக்குத்தான். கட்டினது வளைவுப் படி. இடையில் யாரிடமும் கேட்கவில்லை. மேசன் அண்ணையிடம் படத்தைக் காட்டினோம். அவர் இடத்தைப் பார்த்தார். 8 அடி அகலம், 4 அடி ஆழம். "இதுக்குள்ள ஏத்தலாம் ரீச்சர்" என்றார். ஏற்றினார். அவர் கெட்டிக்காரர். அத்திவாரம், சுவர், கூரை, ஒன்றிலும் குறை சொல்ல ஏலாது. ஆனால் அவருடைய வாப்பாவும் மேசன், அவரும் மேசன். இரண்டு தலைமுறையும் கட்டினது நிலத்து வீடு. எங்கள் ஊரின் வீடு நாற்சார் வீடு. முற்றம், விறாந்தை, கிணறு. மேல்மாடி என்பது பட்டணத்துக் கடைக்கும் பெரிய மனுசருக்கும் உரியதாக இருந்தது. படி கட்டுகிற பழக்கம் எங்கள் கைகளுக்கு நேற்று வந்தது. வளைவுப் படி இன்றைக்கு வந்தது. படம் வந்த வேகத்தில் கணக்கு வரவில்லை.

இனிக் கணக்கு. நான் கணக்குப் படிப்பிக்கிற ஆள், பொறுத்துக்கொள்ளுங்கள். பெருக்கல், வகுத்தல், வட்டப் பரிதி, இவ்வளவுதான் வேணும்.

படி என்றால் இரண்டு அளவு. ஒன்று உயரம்: ஒரு படியில் இருந்து அடுத்த படிக்கு எவ்வளவு மேலே. மற்றது மிதி: கால் வைக்கிற இடம் முன்பின்னாக எவ்வளவு நீளம். இந்த இரண்டுக்கும் உள்ள உறவைப் பிரான்சில் 17ஆம் நூற்றாண்டில் பிரான்சுவா புளொண்டல் என்ற கட்டடக் கலைஞர் ஒரு சின்னக் கணக்காகச் சொல்லிவிட்டார். இரண்டு உயரமும் ஒரு மிதியும் கூட்டினால் மனுசர் நடக்கிற ஒரு எட்டு வர வேணும், ஏறக்குறைய 24 அங்குலம். உயரம் 7 என்றால் மிதி 10. ஏழும் ஏழும் பதினாலு, பத்தும் சேர 24. உயரம் கூடினால் மிதி குறையும், உயரம் குறைந்தால் மிதி கூடும். இன்றைக்கும் உலகத்தில் கன நாட்டு விதிகள் இந்தக் கணக்கைச் சுற்றித்தான் நிற்கின்றன.

எங்கள் வீட்டில் கீழ்த் தரையில் இருந்து மேல் தரைக்கு 10 அடி 6 அங்குலம், அதாவது 126 அங்குலம். 18 உயரம் வைத்தால் ஒவ்வொன்றும் 7 அங்குலம். நல்ல உயரம். 18 உயரத்துக்கு 17 மிதி. மிதிக்கு 10 அங்குலம் என்றால் 170 அங்குலம், 14 அடி 2 அங்குலம் நடை வேணும். நேர்ப்படி என்றால் அவ்வளவு நீளம் தரையில் இருக்கிறதோ என்று பார்த்தால் போதும்.

வளைவுப் படியில்தான் சிக்கல். மிதி கேக் துண்டு மாதிரி: ஒரு பக்கம் ஒடுங்கி, மற்றப் பக்கம் அகன்று. அப்ப மிதி எத்தனை அங்குலம் என்று கேட்டால், எந்த இடத்தில் என்று திருப்பிக் கேட்க வேணும். இதற்காகத்தான் விதி எழுதினவர்கள் ஒரு "நடைக்கோடு" வைத்திருக்கிறார்கள். ஆள் நடக்கிற கோடு. பிரித்தானிய விதியில், 1 மீற்றருக்குக் குறைந்த அகலமான படியில் மிதியை நடுவில் அளக்க வேணும். அமெரிக்காவின் பல மாநிலங்கள் பின்பற்றுகிற வீட்டுக் கட்டட விதியில், ஒடுங்கின பக்கத்தில் இருந்து 12 அங்குலம் தள்ளி அளக்க வேணும். ஏனென்றால் வளைவில் இறங்குகிற ஆள் குறுக்கு வழி தேடி உட்பக்கமாகத்தான் போவார். நாங்கள் சந்தியில் வளைவை வெட்டிக்கொண்டு சைக்கிள் ஓடுகிற மாதிரி.

எங்கள் படியை இப்ப அளந்து பார்ப்போம். 8 அடிக்குள் அரைவட்டம். வெளி ஆரை 48 அங்குலம். படியின் அகலம் 36. மிச்சம் உள் ஆரை 12. நடு ஆரை 30. அரைவட்டப் பரிதி என்பது ஆரையை 3.14 ஆல் பெருக்கினது. அதை 17 ஆல் வகுக்க ஒரு மிதி வரும்.

ஒடுங்கின பக்கம்: 2¼ அங்குலத்துக்கும் குறைவு.
நடுவில்: 5½ அங்குலம்.
அகன்ற பக்கம்: 9 அங்குலத்துக்கும் கொஞ்சம் குறைவு.

உம்மாவின் செருப்பு 9 அங்குலம். அதாவது அந்தப் படியில் சுவரோரமாக ஒட்டி நடந்தாலும் உம்மாவின் முழுக் காலுக்கு இடமில்லை. நடுவில் நடந்தால் பாதத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அந்தரத்தில். உட்பக்கம் நடந்தால் குதிக்கால் மட்டும்.

சரிவைப் பாருங்கள். பிரித்தானிய விதி வீட்டுப் படிக்கு 42 பாகைக்கு மேல் விடுவதில்லை. எங்கள் படி நடுவில் 52 பாகை வருகிறது. சாத்தி வைத்த ஏணிக்குக் கிட்ட. அதற்கு வெள்ளை ரைல்ஸ் ஒட்டி வடிவாய் இருக்கு என்று படம் எடுத்து நானாவுக்கு அனுப்பினது நான்தான்.

இதைவிட மோசமான விசயம் ஒன்று இருக்கு. கைபிடி. கறுப்புக் கம்பி போட்டது உட்பக்கத்தில் மட்டும். வெளிப்பக்கம் சுவர்தானே, என்னத்துக்குக் கைபிடி என்று விட்டுவிட்டோம். அப்ப இறங்குகிற வயசான ஆள் என்ன செய்வா? கம்பியைப் பிடிப்பா. கம்பி அவவை எங்கே இழுக்கும்? 2¼ அங்குல மிதிக்கு. உம்மா கவனமாகக் கம்பியைப் பிடித்து இறங்கினதால்தான் விழுந்தா. கவனம் இல்லாமல் சுவரோரமாக இறங்கியிருந்தால் தப்பியிருக்கவும் கூடும். இதை நினைக்க நினைக்க எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

அடுத்தது ரைல்ஸ் கதை. இது வளைவுப் படிக்கு மட்டும் இல்லை, நேர்ப்படி கட்டுகிறவர்களுக்கும் சேர்த்துத்தான். மேசன் அண்ணை கொங்கிறீற் ஊற்றும்போது எல்லா உயரமும் சரியாக 7 அங்குலம் வைத்தார். பிறகு படிகளுக்கு சாந்தும் ரைல்ஸும் சேர்ந்து 1 அங்குலம் ஏறியது. கீழ்த் தரைக்கும் மேல் தரைக்கும் மட்டம் பார்த்து 2 அங்குலம் ஏறியது. என்ன நடந்தது? கீழ்த் தரை உயர்ந்ததால் முதற்படி 6 அங்குலம் ஆனது. மேல் தரை உயர்ந்ததால் கடைசிப் படி 8 ஆனது. இடையில் எல்லாம் 7. ஒரே படிக்கட்டில் 6, 7, 8.

இரண்டு அங்குலம் பெரிய விசயமோ என்று கேட்பீர்கள். அமெரிக்க விதி ஒரு படிக்கட்டுக்குள் மிக உயர்ந்த படிக்கும் மிகத் தாழ்ந்த படிக்கும் இடையில் 3/8 அங்குலத்துக்கு மேல் வித்தியாசம் விடாது. ஒரு சின்ன விரல் தடிப்புக்கும் குறைவு. காரணம் எங்கள் கால். முதல் இரண்டு மூன்று படியில் கால் அளவை மனப்பாடம் செய்துவிடும். பிறகு கண் பார்க்காது, கால் தானாகப் போகும். இடையில் ஒரு படி மாறினால் கால் நம்பி வைக்கிற இடத்தில் தரை இருக்காது, அல்லது முதலே தட்டுப்படும். பார்த்து நட என்று எவ்வளவு சொன்னாலும் மனுசர் படியில் அப்படித்தான் நடப்பார்கள்.

ஆசிரியர் கலாசாலையில் எங்கள் விரிவுரையாளர் ஒருவர் சொல்வார்: வகுப்பில் ஒரு பிள்ளை பிழை விட்டால் பிள்ளையைப் பார், முப்பது பிள்ளையும் அதே பிழையை விட்டால் உன்ர பாடத்தைப் பார். எங்கள் படியில் உம்மா மட்டும் தடுக்கவில்லை. நான் தடுக்கியிருக்கிறேன். தங்கச்சியின் மகன் இரண்டு தரம் உருண்டிருக்கிறான். தண்ணீர்ப் போத்தல் கொண்டுவந்த பெடியன் தடுக்கினான். எல்லாரும் எங்களைத்தான் திட்டிக்கொண்டோம். படியை ஒருவரும் பார்க்கவில்லை.

நோன்பு காலம், சஹர் நேரம். ஒளூச் செய்த ஈரக் கால். லைற் சுவிச் கீழே மட்டும். மேலே நின்று போட வழியில்லை. உம்மா இருட்டில் கம்பியைப் பிடித்து இறங்கினா. அவ்வளவுதான் நடந்தது.

அப்ப வளைவுப் படியே கட்டக் கூடாதோ? நான் அப்படிச் சொல்லவில்லை. வளைவுப் படி வடிவுதான். காலியில் ஜெட்விங் லைற்ஹவுஸ் ஹோட்டலில் ஜெப்ரி பாவா வைத்த படியை நீங்கள் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். போர்த்துக்கேயரோடு நடந்த போரை லக்கி சேனநாயக்க சிலைகளாகச் செய்து படியோடு சேர்த்து ஏற்றியிருக்கிறார். பார்க்கிறவர் வாய் பிளந்து நிற்பார். அந்த வளைவுக்கு அவர்கள் கொடுத்த இடத்தையும் பாருங்கள். எங்களுக்கு வடிவு வேணும், இடம் கொடுக்க மனமில்லை. அங்கேதான் பிழைக்கிறது.

அதே 36 அங்குல அகலத்தில், அதே 18 உயரத்தில், அரைவட்டத்தை 12 அடிக்குள் போட்டால் என்ன வரும்? வெளி ஆரை 72, நடு ஆரை 54, உள் ஆரை 36.

ஒடுங்கின பக்கம்: 6½ அங்குலத்துக்கும் கூட.
நடுவில்: 10 அங்குலம்.
அகன்ற பக்கம்: 13 அங்குலத்துக்கும் கூட.

புளொண்டலின் 24 சரியாக வருகிறது. சரிவு 35 பாகை. பிரித்தானிய விதிக்குள் வரும் (உயரம் 220 மில்லிமீற்றருக்கு மேல் இல்லை, மிதி 220க்குக் குறையாமல், ஒடுங்கின முனையில் 50க்குக் குறையாமல்). இந்தியாவின் 2016 தேசியக் கட்டட விதி வீட்டுப் படிக்குச் சொல்கிற 250 மில்லிமீற்றர் மிதி, 190 மில்லிமீற்றர் உயரம் என்ற அளவும் நடைக்கோட்டில் கிடைக்கும். அமெரிக்கக் கணக்கில் நடைக்கோடு உட்பக்கம் தள்ளி இருப்பதால் அதற்கு 12 அடி காணாது, 13 அடி வேணும். ஆக, ஊரில் அரைவட்டப் படி கேட்கிற ஆளுக்கு என் பதில்: 12 அடிக்கு 6 அடி இடம் இருக்கோ? இருந்தால் கட்டுங்கள், சந்தோசமாகக் கட்டுங்கள். இல்லையென்றால் ஆசையை விடுங்கள்.

இடம் இல்லாதவர்கள் என்ன செய்வது? நடுவில் ஒரு தட்டு வைத்துத் திரும்புகிற நேர்ப்படி. ஒரு பக்கம் 9 உயரம், மறுபக்கம் 9 உயரம். ஒவ்வொரு பக்கமும் 8 மிதி, 6 அடி 8 அங்குலம். தட்டு 3 அடி. மொத்தம் 9 அடி 8 அங்குல நீளம், இரண்டு படி பக்கத்துப் பக்கமாக ஆறரை அடி அகலம். அரைவட்டத்தை விட இடம் குறைவு, செலவு குறைவு, நடுவில் நின்று மூச்செடுக்க ஒரு இடம். வயசான ஆக்களுக்கு அந்தத் தட்டைப் போல உதவி வேறில்லை. விழுந்தாலும் பாதியில் நிற்பார்கள்.

சிலர் சொல்வார்கள், "ரீச்சர், அந்தக் காலத்தில கோபுரத்துக்கும் மினாராவுக்கும் சுத்துப்படிதானே, ஆக்கள் ஏறேல்லையே?" ஏறினார்கள். ஈராக்கில் சமர்ராவில் 9ஆம் நூற்றாண்டு மினாரா, 52 மீற்றர் உயரம், வெளிப்பக்கமாகச் சங்கு போல சுற்றி ஏறுகிற பாதை. எனக்கும் அதன் படத்தைப் பார்க்கப் பார்க்க அலுக்காது. ஆனால் மினாராவில் பாங்கு சொல்ல ஏறுகிறவர் ஒருவர். வெளிச்சவீட்டில் விளக்குப் பார்க்க ஏறுகிறவரும் ஒருவர். பழகின ஆள், தினமும் ஏறுகிற ஆள். வீட்டுப் படியில் அப்படி இல்லை. பிள்ளை ஓடும். கர்ப்பிணி இறங்குவா. அரிசி மூட்டை போகும். கட்டில் போகும்.

ஒன்றைச் சொல்லத்தான் வேணும், தப்பாக நினைக்காதீர்கள். மேல் அறையில் ஒருவர் மௌத்தானால் சந்தூக்கை எப்படி இறக்குவீர்கள்? உங்கள் வீடுகளிலும் அதே கேள்விதான். உம்மாவைப் பாதிப் படியில் இருந்து கீழே இறக்க நாலு பெடியள் கதிரையில் வைத்துத் தூக்கினார்கள். அந்த வளைவில் நாலு பேர் நிற்க இடமில்லை. ஒருவர் முதுகைச் சுவரில் தேய்த்துக்கொண்டுதான் இறங்கினார். அந்த இரண்டு நிமிடமும் உம்மா போட்ட சத்தம் எனக்கு மறக்காது.

டெல்லி குதுப்மினார் உங்களுக்குத் தெரியும். 379 படி, உள்ளுக்குள் சுற்றி ஏறும். 1981 டிசம்பர் 4, வெள்ளிக்கிழமை. உள்ளே நிறையச் சனம், பள்ளிப் பிள்ளைகள் கனபேர். கரண்ட் நின்றது. இருட்டில் பதறி இறங்கினவர்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து 45 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் பிள்ளைகள். அன்றைக்குப் பிறகு பொதுமக்களை உள்ளே ஏற விடுவதில்லை. 700 வருடத்துக்கு மேலாக நின்ற படிதான். ஒடுக்கமும் வளைவும் இருட்டும் சனமும் ஒரே நேரத்தில் சேர அது போதும். எங்கள் வீட்டில் அந்த நாலில் மூன்று ஒவ்வொரு இரவும் இருந்தது.

இனிச் சட்டம். வீடு கட்ட அனுமதி எடுக்க வேணும் என்பது புதுசாக வந்த தொல்லை இல்லை. வீடமைப்பு, நகர அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் 1915இல் வந்தது. நகர அபிவிருத்தி அதிகாரசபைச் சட்டம் 1978. அதன் திட்டமிடல் ஒழுங்குவிதிகள் 2021இல் புதுப்பிக்கப்பட்டன. எங்கள் பகுதி வலிகாமம் தெற்குப் பிரதேச சபைக்குள் வருகிறது. பிளான் கொடுத்து அனுமதி எடுப்பது ஒரு பாதி. கட்டி முடித்து, அனுமதித்தபடிதான் கட்டியிருக்கிறது என்று சி.ஓ.சி எனப்படும் இணக்கச் சான்றிதழ் எடுப்பது மற்றப் பாதி. முதல் பாதியை எல்லாரும் செய்கிறோம், வங்கிக் கடனுக்குப் பிளான் வேணும் என்பதால். இரண்டாவது பாதியை எத்தனை பேர் செய்தோம்? நான் செய்யவில்லை. செய்ய வெளிக்கிட்டிருந்தால், பிளானில் நேர்ப்படி, வீட்டில் வளைவுப் படி என்று வந்து பார்க்கிற தொழில்நுட்ப உத்தியோகத்தர் கேட்டிருப்பார். அந்தக் கேள்விக்குப் பயந்துதான் நாங்கள் போவதில்லை. அந்தக் கேள்வி எங்களுக்காகத்தான் என்று எனக்கு இப்பதான் விளங்குகிறது.

நானா லண்டனில் தன் வீட்டுக் கூரைக்குக் கீழே ஒரு அறை எடுத்தார். அங்கே பரிசோதகர் வந்து படியின் சரிவையும் தலைக்கு மேல் உயரத்தையும் அளந்து, சரியில்லை என்று திருப்பி அனுப்பினார். நானா அந்த நேரம் "சும்மா கரைச்சல் தாறாங்கள்" என்று எங்களுக்குப் போன் எடுத்துத் திட்டினார். பிறகு இன்னும் காசு செலவழித்துத் திருத்தினார். அதே நானாதான் எங்களுக்கு வளைவுப் படிப் படம் அனுப்பினார். போன கிழமை நான் என் அளவுகளை எழுதி அவருக்கு அனுப்பினேன். கன நேரம் பதில் இல்லை. பிறகு, "இந்தப் படியை இங்க ஒருத்தரும் விடமாட்டாங்கள்" என்று ஒரு வரி. வெளிநாட்டில் இருக்கிற உறவுகளுக்கு நான் சொல்வது இதுதான்: படம் அனுப்பும்போது, அந்தப் படத்தில் இருக்கிற படியை உங்கள் நாட்டில் எந்த அளவுக்குக் கட்ட விட்டார்கள் என்பதையும் சேர்த்து அனுப்புங்கள். காசு அனுப்புகிற உங்களுக்கு அதைக் கேட்கிற உரிமையும் இருக்கு, கடமையும் இருக்கு.

பிரதேச சபையிடமும் ஒரு வேண்டுகோள். படி கட்டுகிற அளவுகளை, படம் கீறி, தமிழில், ஒரே ஒரு தாளில் அச்சடித்து, அனுமதிக் கடிதத்தோடு சேர்த்துக் கொடுங்கள். அது வீட்டுக்காரர் கையில் இருந்தால் மேசன்மாரிடம் காட்டலாம். மேசன்மாருக்குக் கணக்குத் தெரியாது என்று நினைக்காதீர்கள். கிணறு வெட்டுகிற ஊர் இது. நடுவில் குத்தி அடித்து, கயிறு பிடித்து, மயிரிழை பிசகாமல் வட்டம் கீறுகிற கைகள் எங்களிடம் தலைமுறையாக இருக்கு. அந்தக் குத்தியும் கயிறும்தான் வளைவுப் படிக்கும் வேணும். எந்த ஆரையில் கீற வேணும் என்று ஒருவரும் சொல்லிக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

கட்டப் போகிறவர்கள் இதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்:

1. பலகை அடிக்க முதல், நிலத்தில் குத்தியும் கயிறும் வைத்துப் படியை முழு அளவில் சோக்கால் கீறுங்கள். உள் கோடு, வெளி கோடு, நடைக்கோடு. பிறகு வீட்டில் வயசான ஆளைக் கூப்பிட்டு அந்தக் கோட்டில் நடக்கச் சொல்லுங்கள். செருப்பு முழுக்க மிதிக்குள் நிற்க வேணும்.

2. தரைக்கும் படிக்கும் ரைல்ஸ் எவ்வளவு ஏறும் என்று முதலே முடிவெடுத்து, அதைக் கழித்து, கூட்டிக் கொங்கிறீற் ஊற்றச் சொல்லுங்கள். ரைல்ஸ் ஒட்டின பிறகு எல்லா உயரமும் ஒன்றாக இருக்க வேணும்.

3. வளைவில் அகன்ற பக்கத்துக்குக் கட்டாயம் கைபிடி. உட்பக்கம் மட்டும் போடாதீர்கள். உயரம் 3 அடி அளவில், கை சுற்றிப் பிடிக்கக்கூடிய தடிப்பில், இடையில் அறாமல்.

4. கம்பிகளுக்கு இடையில் 4 அங்குலத்துக்கு மேல் இடைவெளி வேண்டாம். குழந்தையின் தலை போகும். கம்பிகளைக் கிடையாகப் போடாதீர்கள். பிள்ளைகளுக்கு அது ஏணி. நிலைக்குத்தாகப் போடுங்கள்.

5. தலைக்கு மேல் 6 அடி 8 அங்குலம் இருக்க வேணும். எங்கள் வீட்டு உயரத்துக்கு, ஆறாவது படியில் இருந்தே மேல் தட்டுத் திறந்திருக்க வேணும். தட்டு ஊற்ற முதல் பாருங்கள், பிறகு வெட்ட ஏலாது.

6. லைற் சுவிச் கீழே ஒன்று, மேலே ஒன்று. கரண்ட் நின்றால் எரிகிற சின்ன விளக்கு ஒன்று.

7. படிக்கு வழுக்குகிற ரைல்ஸ் வேண்டாம். வடிவு போனால் போகட்டும்.

8. பிளானை மாற்றினால் திரும்பப் போய் அனுமதி எடுங்கள். முடிய, சி.ஓ.சிக்குப் போங்கள்.

கட்டி முடித்துவிட்டவர்கள் பயப்பட வேண்டாம். அடிமட்டம் எடுத்து அளந்து பாருங்கள். வெளிப்பக்கக் கைபிடி, இரண்டாவது சுவிச், வழுக்காத பட்டி, இந்த மூன்றும் ஒரு கிழமை வேலை. வயசான ஆக்களின் படுக்கையைக் கீழே மாற்றுங்கள். அதற்குக் காசே வேண்டாம்.

நாங்களும் அந்த மூன்றையும் செய்தோம். முதற்படி, கடைசிப் படி வித்தியாசத்தையும் ரைல்ஸ் உடைத்துக் குறைத்தோம். ஆனால் 5½ அங்குலத்தை 10 அங்குலம் ஆக்க ஒரு வழியும் இல்லை. அதனால் வருகிற பள்ளி விடுமுறையில் படியை இடிக்கப் போகிறோம். பக்கத்துக் களஞ்சிய அறையின் சுவரைத் தள்ளி, நடுவில் தட்டு வைத்த நேர்ப்படி. பிளான் திருத்தி அனுமதிக்குக் கொடுத்திருக்கிறேன். காசு கரைகிறது, உண்மைதான். வந்து பார்க்கிறவர்கள் "ஐயோ, அந்த வடிவான படியையோ" என்கிறார்கள்.

மேசன் அண்ணையைக் கூப்பிட்டு இந்த அளவுகளைக் காட்டினேன். கோபிப்பார் என்று பயந்தேன். அவர் தாளை வாங்கி கன நேரம் பார்த்தார். பிறகு முற்றத்துக்குப் போய், ஒரு குத்தி அடித்து, கயிறு கட்டி, 12 அடி அரைவட்டம் ஒன்றைத் தானே கீறி, 17 ஆகப் பிரித்து, அதில் நடந்து பார்த்தார். திரும்பவும் நடந்தார். "இதை அப்பவே ஆராவது எனக்குக் காட்டியிருக்கலாமே ரீச்சர்" என்றார். இப்ப அவர் இன்னும் இரண்டு இடத்தில் வளைவுப் படி வேலை எடுத்திருக்கிறாராம். என் தாளின் பிரதி இரண்டு கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

உம்மா விறாந்தையில் கதிரையில் இருந்து இதெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தா. "அப்ப என்ர பிழை இல்லையோ?" என்று கேட்டா.

இல்லை உம்மா. உங்களில் பிழை இல்லை.

கட்டிக்கொண்டிருக்கிற யாரையாவது தெரிந்தால், தட்டு ஊற்ற முதல் இதை அவர்களிடம் சேர்த்துவிடுங்கள். அளக்க வேணும் என்றால் என்னைக் கூப்பிடுங்கள். அடிமட்டத்தோடு வருவேன்.